மேப்புக்குக் கீழே இருந்த பேர்கள்

ஆனி 8, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நீடாமங்கலமே நாற்றங்காலில். நான் மட்டும் கம்ப்யூட்டர் நோட்பேடில். உழவுக்குச் சமமான வேலை, இடுப்பு அப்படித்தான் சொல்கிறது.

அக்கா மகள் கயல் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். பத்திரிகை அச்சில். அது வருவதற்குள் என் சொந்த வெப்சைட்டில் அழைப்பு ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உலகில் பாதிப் பேர் பார்க்கும் தளம். (போன மாதம் பதினொரு பேர். அதில் ஏழு நான்.)

வரிசை:
பெண், மாப்பிள்ளை, முகூர்த்தம்.
தாய்மாமன், அதாவது அடியேன். கொட்டை எழுத்தில்.
மண்டபத்துக்கு வழி, மேப்.
அதற்குக் கீழே பெரிய அத்தான் முதலாக முப்பத்திரண்டு சொந்தங்கள்.

மேப்பை ஐஃப்ரேமில் வைக்கணும். நம் வெப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, அதில் அடுத்தவன் பக்கத்தைக் காட்டுவது. பிரவுசரில் இருந்த முகவரியை அப்படியே போட்டேன். சாம்பல் கட்டம். இணைய மறுக்கிறதாம். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு முறுக்கியதில்லை. மூன்று மணி நேரம் போராடிய பிறகு தெரிந்தது, இப்படி உட்காரவைக்க அவர்களே தனி முகவரி தருகிறார்கள் என்று. அதைப் போட்டதும் வந்து உட்கார்ந்தது. சோழ தேசத்தை ஜெயித்தவன் போல எழுந்தேன். கால் மரத்திருந்தது. கீழே உருட்டிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் லிங்க் அனுப்பியாச்சு.

வீட்டுக்காரி சரோஜா: "சோறு ஆறிப் போய்க் கிடக்கு. அதுக்கும் ஒரு ஜன்னல் வெட்டணுமா?"

ஆனி 9, செவ்வாய்

காற்று இன்னும் மோசம். ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம். அங்கே நிற்கும்போது அக்கா போன்.

"பேராவூரணி அத்தான் கல்யாணத்துக்கு வரலைங்கிறாருடா. உன் பேரோட அழைப்பு முடிஞ்சுபோச்சாம். அவர் பேரே இல்லையாம்."

பட்டியலில் முதலில் இருக்கும் பெரிய அத்தான்தான் அவர், அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். தாரை வார்க்க இவர்தான். இவர் வராவிட்டால் மணவறையில் கயலுக்கு அப்பா ஸ்தானத்தில் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நிஜம். மேப்போடு உலகம் முடிகிறது. ஃபைலில் முப்பத்திரண்டு பேரும் பத்திரம், வெப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. எழுத்து எழுத்தாகத் தேடினேன். சாயங்காலம் அகப்பட்டது. ஐஃப்ரேமைத் திறக்க ஒரு வரி, மூட ஒரு வரி. திறந்தவன் மூடவில்லை. மூடும் வரி இல்லாவிட்டால் கீழே இருப்பதையெல்லாம் அது விழுங்கிவிடுமாம். எந்நேரமும் கேட் மூடிக்கிடக்கிற ஊர்க்காரனுக்கு மூடத் தெரியவில்லை.

ஒரே ஒரு வரி. முப்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். உடனே போன்.

"அத்தான், இப்ப பாருங்க. மேப்புக்குக் கீழ முதல் பேரே நீங்கதான்."

"நான் கேட்டப்புறம் சேத்துட்டு, இப்ப பாருங்கங்கிறியா?"

"சேக்கலை அத்தான், முன்னாடியே இருந்துச்சு. உள்ள மாட்டிக்கிச்சு."

"உன் பேரு மட்டும் மாட்டலையே மாப்ளே."

வைத்துவிட்டார்.

கயல் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "பெரியப்பா வரலைன்னா தேதியைத் தள்ளி வைங்க மாமா." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஆனி 10, புதன்

பேராவூரணி பஸ். கொண்டுபோனவை: வெற்றிலை, பாக்கு, பழம், லேப்டாப், சார்ஜர், கொஞ்சம் வெட்கம். மறந்தது: தட்டு. அவர் வீட்டுத் தட்டையே கேட்டு வாங்கி அவரிடமே நீட்டினேன். தொடவில்லை.

வீட்டை ஒட்டிய தோப்பில், தேங்காய்க் குவியல் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தேன். போனிலிருந்து நெட். மூடும் வரியை அழித்தேன், பேர்கள் போச்சு. திரும்பப் போட்டேன், வந்தது. "தள்ளு" என்றார். ஒற்றை விரலால் அவரே அழித்தார், போட்டார், அழித்தார். முப்பத்திரண்டு சொந்தமும் ஏழு தடவை செத்துப் பிழைத்தது.

"சரி. முழுங்கினது இதுதான். நீ இல்லை."

"ஆமாங்க அத்தான்."

"உன் பேரு எதுக்கு மேப்புக்கு மேல இருக்கு?"

தோப்பில் உள்ள அத்தனை தென்னையும் குனிந்து என்னைப் பார்த்தன.

"மேப்பைத் தூக்கி உன் பேருக்கு மேல வை. இன்னொரு தடவை முழுங்கினா நீயும் சேந்து உள்ள போ. அதைப் பாத்துட்டு வர்றதைப் பத்திச் சொல்றேன்."

தட்டு அப்படியே அங்கே.

ஆனி 11, வியாழன்

தூறல். மேப்பை மேலே தூக்கியாச்சு, ஏற்றியாச்சு, அவருக்கு அனுப்பியாச்சு. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாள்.

பத்து நிமிஷத்தில் போன். "பாத்தேன் மாப்ளே. இப்பதான் லட்சணமா இருக்கு. இதுல இனிமே கை வைக்காதே. தாம்பூலம் எடுத்துக்கிட்டேன். ரெண்டு நாள் முன்னாடியே வந்துர்றோம்." சிரிப்பு வேறு. அந்த மனிதர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

சொன்னதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் பக்கத்தைத் திறந்தேன். முகூர்த்தம். மேப். கீழே நேராகப் பெரிய அத்தான். அடியேனைக் காணோம். திறக்கும் வரியை மட்டும் மேலே தூக்கிவிட்டு மூடும் வரியைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள், கொட்டை எழுத்தில்.

நோட்பேடைத் திறந்தேன். சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணம் முடியட்டுங்க."

மூடிவிட்டேன்.