இஞ்சினுக்குக் கட்டிய மஞ்சள் துணி

மச்சான்,

இன்று காலை செர்காம் கடற்கரையில் மீன் வாங்க நின்றேன். ஒரு படகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, இழுக்க மனமில்லாத மாட்டைப்போலக் கரையைவிட்டு நகர்ந்தது. "மச்சான், இஞ்சினுக்குக் காத்து காணாது. சத்தத்தைக் கேட்டியோ?" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் நின்றது ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பாவம், சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். நான் மீன் வாங்காமலே வந்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு என்ன பெரிய சமையல்?

புகை மணம் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த அவசரகாலத்தில் நம் படகு மலாக்கா ஆற்றிலிருந்து கோலா சுங்கை பாருவுக்கு அரிசி ஏற்றிப் போகும். நீ இஞ்சின் டிரைவர், நான் உன் கூட்டாளி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று கெடுபிடி. வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. பொழுது சாயும் முன் போய்ச் சேர வேண்டும். பிந்தினால், "யாருக்கு இறக்கினாய்?" என்பதுதான் முதல் கேள்வி. இஞ்சின் இழுக்கவில்லை என்ற பதிலை எந்தப் போலீஸ்காரர் நம்புவார்?

அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் நமக்குச் சனி பிடித்தது. சும்மா ஓடும்போது இஞ்சின் பூனைக்குட்டியாக உறுமும். வேகம் கொடுத்தால் புகை கறுக்கும், படகு நகராது. இரண்டு பயணம் பிந்திப் போனோம். துறையில் நின்ற சார்ஜன் மூட்டைகளை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியும் அவர் முகம் இளகவில்லை. "லம்பாட்! மறுபடியும் லம்பாட்!" என்று பிந்தி வந்ததற்கு மலாயில் கத்தினார். இன்னொரு முறை பிந்தினால் டிரைவரைப் பிடித்து உள்ளே போடுவேன், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல்தான் என்றார். நீ இந்தியாவைக் கண்ணால் கண்டவனா? பிறந்தது இங்கே ஜாசினில். உன் மனைவிக்கு அது நிறைமாதம்.

திரும்பும் வழியெல்லாம் பாட்டுப் பாடுகிறவன், அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "நான் போயிட்டா அவளுக்கு யாருடா இருக்கா?" நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஆறுதலாகுமா என்று தெரியாமல் விழுங்கிவிட்டேன்.

அடுத்த பயணத்துக்கு முன் ஆற்றிலே படகைக் கட்டிவிட்டுத் தேடினோம். டீசல் பில்டரைக் கழற்றிக் கழுவினோம். நாசில்களைப் பிரித்துத் துடைத்தோம். நான் தண்ணீருக்குள் மூழ்கி அடி விசிறியில் கயிறு சுற்றியிருக்கிறதா என்று தடவினேன். பலகையில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினேன். மேலே வந்தால் அதே புகை. "ஏய் சிலோன்காரா, உங்க ஏசுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைலா" என்றாய். சிரிக்கத்தான் சொன்னாய். நீயே சிரிக்கவில்லை.

"கடைசியா ஒருக்கா முடுக்கு பாப்பம்" என்றேன். நீ முடுக்கினாய். அப்போதுதான் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு இஞ்சினைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த வருஷம்தான் முதன்முறையாக, காற்று இழுக்கும் குழாய்தான் அம்மனின் தலை என்று அதன் வாயை மூடி ஒரு மஞ்சள் துணி கட்டினாயே, அந்தத் துணி. அடுத்த பூஜை வரை அதை அவிழ்க்கக் கூடாது என்பது உன் வழக்கம். கட்டியபோது மெல்லிய துணிதான். எண்ணெய்ப் புகையும் உப்பும் படிந்து படிந்து தோலைப்போலத் தடித்துவிட்டிருந்தது. வேகம் ஏற ஏற அது பட்டினி கிடந்த வயிறாக உள்ளே ஒட்டியது. எல்லாவற்றையும் தேடிய நாம் அதை மட்டும் தொடவில்லை. நீ பக்தியால் தொடவில்லை, நான் மரியாதையால் தொடவில்லை.

"டேய், உங்கட அம்மன்ட துணியைப் பார்."

பார்த்தாய். வேகம் கொடுக்கும் கைப்பிடியை விடாமலே, "அவுத்துடுடா" என்றாய்.

"நான் வேதக்காரன். தொடலாமோ?"

"தொடுடா! உன் கையும் என் கையும் ஒரே எண்ணெயிலதானே ஊறுது?"

முடிச்சை அவிழ்த்தேன். இஞ்சின் பெருமூச்சு விட்டது. புகை வெளுத்து, வெளுத்து, இல்லாமலே போனது. படகைக் கரையில் கட்டியிருந்த கயிறு விண்ணென்று இழுபட்டது. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, மூச்சுவிட முடியாம கட்டிட்டேனே" என்று சிரித்தாய், அப்புறம் அழுதாய். அன்று வெயில் இருக்கும்போதே கோலா சுங்கை பாருவில் அரிசியை இறக்கினோம். சார்ஜன் போகலாம் என்று கையை ஆட்டினார்.

சில நாளில் உனக்கு மகள் பிறந்தாள். கை எண்ணெயாக இருக்கிறது என்று பின்வாங்கினேன். "பரவால்லலா, புடி" என்று என்னிடம் தந்தாய்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் உனக்கு வாய்க்கரிசி போட்டார்கள். அந்த மகளும் தலை நரைத்துப்போய், உன் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்தாள். உங்கள் சடங்கில் நான் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வாசலோடு நின்றுவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, மச்சான். யாரும் கூப்பிடவும் இல்லை. கூப்பிடுகிற ஆள் உள்ளே படுத்துக் கிடந்தான்.

வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தேன். உனக்குப் போடாத அந்தப் பிடி அரிசி இன்னும் என் கையில் கனக்கிறது.