ரிப்போட்டில் நான் சுகம்

ஜனவரி 6, செவ்வாய்

விடியவிடிய மழை. வாவி வேலி மட்டும் வந்துவிட்டது. தண்ணி கடலுக்கு ஓட முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லையாம். இவர் தோணியை முற்றத்து முருங்கையில் கட்டியிருக்கிறார்.

கிளினிக் நாள். நம்பர் 47. பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

தைரொயிட் ரத்தச் சோதனை, டிஎஸ்எச் கணக்கு, மறக்காமல் இருக்க:
செப்டெம்பர்: 3.1 (அப்போது நல்லாய் இருந்தேன்)
நவம்பர்: 0.08
இப்போது: 0.03
இருக்க வேண்டியது 0.4க்கும் 4க்கும் இடையில்.

தைரொயிட் படுத்துவிட்டால் இந்த நம்பர் ஏறுமாம். குளிசை கூடிப்போனால் இறங்குமாம். எல்லாம் தலைகீழ். எந்த விசரன் கண்டுபிடித்தானோ.

போன முறை பார்த்த அதே டொக்டர். சின்னப் பொடியன் மாதிரி. ரிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மருந்து இன்னும் கூடத்தான் இரிக்கு. அரைக் குளிசையாக் குறைப்பம்."

செப்டெம்பரில் இரண்டு குளிசை. நவம்பரில் ஒன்றாக்கினார். இப்போது அரை.

"டொக்டர், எனக்குக் குளிருது. முகம் வீங்குது. நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்குப் போகுது."

"இந்த ரிப்போட்டின்ட படி உங்களுக்கு வேர்க்கோணும். நெஞ்சு படபடக்கோணும். இளைக்கோணும்."

ரிப்போட்டில் இருக்கிறவள் வேறு யாரோ. மெலிந்த, பம்பரம் மாதிரிச் சுழல்கிற பெண். அவளை எனக்குப் பதிலாக ஹோட்டல் வேலைக்கு அனுப்பினால் நல்லது.

கடிதம் கேட்டேன். பாரமான வேலை கொடுக்க வேண்டாம் என்று இரண்டு வரி. "ரிப்போட் இப்பிடி இரிக்கக்க நான் என்னெண்டு எழுதிறது?" என்றார். அதற்குள் 48ஐக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சுப்பர்வைசர் மிஸ் சொன்ன தவணை இந்த மாதக் கடைசி. கடிதம் இல்லாவிட்டால் பெப்ரவரியில் வரத் தேவையில்லை. பதினொரு வருசம் இந்தப் பாசிக்குடா ஹோட்டலில் கட்டில் விரித்திருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

நாலரைக்கு எழும்பி அரைக் குளிசை, வெறும் தண்ணியில். அரை மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. ஒழுங்காகத்தான் செய்கிறேன். ஐந்தரைக்கு ஹோட்டல் பஸ். வெளியில் மழை, உள்ளே ஏசி. சேலைத் துண்டை இரண்டாய் மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். டிரைவர் சிரித்தார்.

ஆளுக்குப் பன்னிரண்டு அறை. மற்றவர்கள் இரண்டு மணிக்குள் முடித்துவிட்டார்கள். நான் எட்டு. கையைத் தூக்க நினைத்தால் அது பிறகுதான் மெல்ல, ஆறுதலாக வருகிறது. 14ஆம் அறையில் கட்டில் விளிம்பில் ஒரு நிமிசம் இருந்தேன், கண் சொருகிவிட்டது. என்னோடு வேலை செய்கிற ரஜனி வந்து தட்டி எழுப்பினாள். நல்லகாலம் அவள், மிஸ் இல்லை.

"என்னகா இது, கோழி உரிச்ச மாதிரிக் கொட்டியிரிக்கு?"

வெள்ளை விரிப்பில் என் முடி. ஏழெட்டு.

கையில் டேப்பை ஒட்டுப்பக்கம் வெளியில் இருக்கச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தோம். இப்போது ஒவ்வொரு அறையிலும் கடைசி வேலை அதுதான். முதலில் அறையைத் துப்புரவாக்கு, பிறகு உன்னைத் துப்புரவாக்கு. போன செப்டெம்பரில் ஒரு வெள்ளைக்காரி தலையணையில் கிடந்த முடியைப் போனில் படம் பிடித்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வெட்கத்தில் செத்தே போனேன்.

அன்று பின்னேரமே சுவிசில் இருக்கிற அக்காவிடம் போனில் அழுதேன். அடுத்த மாதமே முடிக்குளிசை அனுப்பிவிட்டாள். பெரிய விற்றமின் போத்தல், 10,000 என்று தடித்த எழுத்தில். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கொட்டுவது குறைந்தபாடில்லை. ஆனாலும் விடப் பயம்.

ஜனவரி 11, ஞாயிறு

மழை விட்டது. துணி காயவில்லை. தண்ணி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இவர் இறால் கொண்டுவந்தார். உரிக்க உட்கார்ந்தவள் பாதியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். மிச்சத்தை அவரே உரித்து ஆக்கினார். உப்புக் கூடிவிட்டது. தின்று முடித்தேன்.

"ரிப்போட்டில நல்லாத்தானே இரிக்கு புள்ள. கொஞ்சம் மனதை உசார்ப்படுத்து."

கத்திவிட்டேன். அவரில் பிழை இல்லை. எல்லோரும் அந்தக் கடுதாசியைத்தான் நம்புகிறார்கள். நானும் சில நேரம் நம்புகிறேன். உண்மையில் நான் சோம்பேறிதானோ?

அக்கா சுவிசிலிருந்து போன் எடுத்தாள். "குளிசை வேலை செய்யுதாடி?" அவளும் அங்கே கட்டில் விரிக்கிறவள்தான், வயோதிபர் விடுதியில். என்ன சொல்வது? "ஓம் அக்கா, நல்லா இரிக்கு" என்றேன். குரல் தவளை மாதிரி.

ஜனவரி 13, செவ்வாய்

லீவு நாள். கிளினிக்கில் என் ரத்தம் வேறு ஆளுடையதோடு மாறியிருக்கும் என்று ரஜனி சொன்னாள். எனக்கும் அதே சந்தேகம். டவுனில் வேறு லாப்புக்குப் போனேன், இவரோடு.

ரத்தம் எடுத்த பிள்ளை நல்ல பிள்ளை. ஊசி ஏறினது தெரியவில்லை. ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அன்ரி, விற்றமின் ஏதும் குடிக்கிறீங்களா? முடிக்கு, நகத்துக்கு?"

"இல்ல."

வாய் முந்திவிட்டது. நவம்பர் கிளினிக்கில் எனக்கு முன்னால் ஒரு மனுசி கனடாக் குளிசைப் பெட்டியைக் காட்டினாள். "அப்ப அங்கயே போய் மருந்தெடுங்க" என்று நேர்ஸ் கத்தினார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று டொக்டர் வேறு மருந்து உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இல்லைதான்.

பிள்ளை பஞ்சை அழுத்தினாள். "ஏனெண்டா, அது குடிச்சா சில மெசின் நம்பரைக் குறைச்சுப் பிழையாக் காட்டும் அன்ரி. நாலஞ்சு நாள் நிப்பாட்டிப்போட்டுத்தான் ரத்தம் குடுக்கோணும்."

இவர் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். எழும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் ரிப்போட்: 0.02.

மெசின் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. நான் படுக்கப் படுக்க, அந்த டொக்டர் குளிசையைக் குறைக்கக் குறைக்க... ஐயோ, என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்!

முடிக்குளிசை இன்றோடு நிறுத்தம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெயில். அதுவும் குளிர்ந்த வெயில், எனக்கு மட்டும்.

பானை பொங்கினது. இவர் வெடி கொளுத்தினார். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். என்னவென்று வைத்தேன்? என் தைரொயிட் வருத்தம் ரிப்போட்டில் கூடித் தெரிய வேண்டும் என்று. பிள்ளையாரே குழம்பியிருப்பார்.

நிறுத்தி இரண்டு நாள். சீப்பை எடுக்கவே பயம்.

ஜனவரி 19, திங்கள்

இவரிடம் சொன்னேன், எல்லாம். தோணிக்குள் நின்ற தண்ணியை இறைத்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்துவிட்டு, "இத அண்டைக்கே அந்தப் புள்ளயிட்டச் சொல்லியிரிக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

அதே லாப். அதே பிள்ளை. அவள் கேட்க முன்னமே சொன்னேன்: "போன முறை பொய் சொன்னனான் தங்கச்சி. குடிச்சனான். நிப்பாட்டி ஆறு நாள்." சிரித்தாள். "கனபேர் அப்பிடித்தான் அன்ரி."

ஜனவரி 20, செவ்வாய்

58.4.

ஐம்பத்தெட்டு தசம் நாலு! லாப் வாசலில் நின்று அழுதேன். சந்தோசத்தில். ஒரு கிழவர் "என்ன மகள், கடும் வருத்தமா?" என்று கேட்டார். "ஓம் ஐயா, கடும் வருத்தம்" என்றேன். சொல்லச் சொல்ல ஆறுதல். நான் சோம்பேறி இல்லை. பிறகு பஸ்ஸில்தான் பயம் பிடித்தது. இவ்வளவு மோசமாகவா கிடக்கிறேன்?

ஜனவரி 27, செவ்வாய்

கிளினிக். என் தவணை நாள் இல்லை, கெஞ்சி உள்ளே போனேன். நம்பர் 61. பையில் போத்தல். குளிசைகள் கிலுகிலு என்று சத்தம், கடலை போட்ட மாதிரி. பஞ்சு அடைத்தேன்.

டொக்டர் இரண்டு ரிப்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரு கிழமையில 0.02 எப்பிடி 58 ஆகும்? கடிதத்துக்காகக் குளிசையை நிப்பாட்டிப் போட்டு வந்தீங்களா?"

போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். நேர்ஸ் எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசை முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

"இத ஒக்டோபர்ல இரிந்து குடிச்சனான். நீங்க கேக்கக்க இல்ல எண்டு சொன்னனான்."

"ஏன் சொல்லல்ல?"

"மருந்தில்ல எண்டு நினைச்சன்." இது பாதிப் பொய். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். "ஏசுவீங்க எண்டு பயம்."

போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார். ஏசவில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார், கண் இமை, கழுத்து, கை. "நானும் பேப்பரத்தான் பாத்தன்" என்றார் மெதுவாக.

பழையபடி இரண்டு குளிசை. கடிதமும் தந்தார். ஆறு கிழமையில் திரும்ப ரத்தம்.

"அதுக்குள்ள நம்பர் நாலுக்கு வந்திருமா டொக்டர்?"

"58ல இரிந்தா? சொல்லேலாது. மூண்டு மாசமும் செல்லும். உடம்பு ஆறுதலாத்தான் வரும்."

ஜனவரி 29, வியாழன்

கடிதத்தை மிஸ் நின்றபடியே வாசித்தார்.

"சரி. ஆறு கிழமைக்கு லோன்றியில நில்லுங்க."

லோன்றி கீழே, விரிப்பெல்லாம் தோய்க்கிற இடம். யன்னல் இல்லை. மெசின் சூட்டில் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். எனக்கு மாதக் கணக்கில் முதல் தடவை கால் விரல் சூடானது. தலையைத் துணியால் கட்டிக்கொண்டு மடிக்கலாம், முடி விழாது. நன்றி சொல்ல வாய் திறந்தேன்.

"மார்ச் பத்துக்கு ரிப்போட் கொண்டாங்க. நம்பர் ஒழுங்கா இரிந்தாத் திரும்ப அறை. இல்லாட்டி இனி ஒண்டும் செய்யேலாது."

"மிஸ், டொக்டர் மூண்டு மாசம் எண்டு..."

"கடிதம் ஆரும் எழுதுவாங்க புள்ள. மேல இரிக்கிறவங்க ரிப்போட்டத்தான் நம்புவாங்க."

ஜனவரி 31, சனி

வெயில். முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள். தண்ணி ஒரே நாளில் இறங்கி, தோணி சேற்றில்.

நாலு நாளாய் இரண்டு குளிசை. மாற்றம் ஒன்றும் இல்லை. வந்துவிடுமா இவ்வளவு கெதியாய்?

பின்னேரம் சுவிசிலிருந்து வந்த ஒருவர் வாசலில். அக்கா அவரது கையில் கொடுத்து விட்டிருக்கிறாள். சொக்கிலேற், ஒரு கம்பளிச் சட்டை, மூன்று போத்தல். அதே போத்தல். நல்லா இருக்கு என்று நான்தானே சொன்னேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபடி இருந்தேன். மார்ச் பத்து. அதற்கு முதல் நாலைந்து நாள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நம்பர் இறங்கும். மிஸ் சந்தோசம். மேலே இருக்கிறவர்களும் சந்தோசம். டொக்டருக்குக் காட்ட வேறு ரிப்போட் எடுக்கலாம். எவ்வளவு கெட்டித்தனமாக யோசிக்கிறேன்! கட்டில் விரிக்கத்தான் தெம்பு இல்லை.

இவரைக் கூப்பிட்டேன். "இத எங்கயாவது ஒளிச்சு வைங்க. எனக்குச் சொல்ல வேணாம்."

"ஏன்கா, நஞ்சா இது?" என்றார். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார்.

குசினியில் தேத்தண்ணி போட்டேன். யன்னலுக்கு நேரேதான் வலைக் கொட்டில், இவர் குனிந்து வைப்பது தெரிந்தது. பழைய வலைக் குவியலுக்கு அடியில், வலப்பக்கம்.