ஜன்னலோரத்துத் துண்டுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சமையலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது தலைவலி என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேனே, அது பொய். உன்னிடம் பேச முகமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆராய்ச்சி மையத்துக்கு நான் தலைவரானதும் சிநேகிதிகளிடமெல்லாம் தமுக்கடித்தவள் நீ. உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்கிற மெஷின் பற்றி உன் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். இனி மையம் எந்தத் திசையில் போகப்போகிறது என்று கேட்க ஒரு கமிட்டி வந்தது. எல்லோரும் இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாகச் செய்யத் துடிக்கிறார்கள், நாம் செய்த பொருள் ஏன் விரிசல் விடுகிறது என்று பார்ப்போம் என்பது என் திட்டம். அதற்கு ஆதாரமே ஒரு ஆராய்ச்சி மாணவியின் வேலைதான். உடைந்ததையெல்லாம் சேர்த்துவைப்பதால் அவளுக்கு லேபில் விரிசல் என்றே பெயர், அப்படிக் கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

கமிட்டி வருவதற்கு முதல் நாள் லேபைப் பளிச்சென்று ஆக்கவேண்டும் என்று நின்றேன். எதைக் கண்டாலும் ஒழிக்கிற என் கை உனக்குத் தெரியாததா. ஜன்னலோரத்தில் தட்டுத்தட்டாக அடுக்கிய, பிளந்த இரும்புத் துண்டுகள். இந்தக் குப்பையை எடுத்துப் போடுங்க என்றேன். லேப் உதவியாளர், அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா சார் என்றார். நான்தானே சொல்றேன் என்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் அன்று லீவு.

மறுநாள் கமிட்டி முன்னால் நின்று, ஜெயித்ததை எல்லோரும் காட்டுவார்கள், நாங்கள் தோற்றதைப் படிப்போம் என்று வெளுத்துவாங்கினேன். கமிட்டித் தலைவியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தத் துண்டுகளைப் பார்க்கலாமா என்றார். திரும்பினேன். ஜன்னலோரத்தில் நான் வைக்கச் சொன்ன பூந்தொட்டி இருந்தது. அவள் சேர்த்துவைத்ததைத்தான் குப்பை என்று போடச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற விரிசல் முதலில் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வெளியே டெஸ்டுக்குக் கொடுத்திருக்கேன் மேடம், வந்ததும் காட்டறேன் என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தூக்கிப்போட்டதைக்கூடத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், தலையாட்டியதை என்னவென்று சொல்வது. கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்கள், கூசிப்போனேன்.

அன்று சாயங்காலமே நானும் அவளும் லேப் கழிவு போகிற பழைய இரும்புக் கடைக்குப் போய்க் குவியலைக் கிளறினோம். துண்டுகள் பாதிக்குமேல் கிடைத்தன. ஆனால் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் செய்தது என்று ஒவ்வொன்றிலும் நூலில் கட்டியிருந்த சீட்டு ஒன்றுகூட இல்லை. அது இல்லாவிட்டால் எது எதுவென்று அவளுக்கே தெரியாதாம். எந்தத் துண்டு எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார் என்று கேட்டாள். நான் பார்க்கவே இல்லையேம்மா என்றேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து சொன்னேன், ஆபீஸ்லயும் ஆரம்பிச்சாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.

நேற்று தலைவியம்மாளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். போடச் சொன்னது நான், என் மானத்தைக் காக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள், பதவி போனால் என்னோடு போகட்டும், அவள் வேலை நிற்கக்கூடாது என்று எழுதினேன். லேபில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மெஷினில் எனக்கு ஒதுக்கிய நேரத்தையெல்லாம் அவளுக்கே விட்டுவிட்டேன், மறுபடி முதலிலிருந்து செய்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல இப்போது எனக்கு வாயில்லை. ஆனாலும் ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வரும் வாரம் உன் அறையை ஒழித்துப் பெயிண்ட் அடிக்க அட்டைப்பெட்டிகள் வாங்கிவைத்திருந்தேன். இன்று காலை உள்ளே போனேன். நீ பாதி பிரித்துப்போட்ட ரேடியோ, கம்பிச்சுருள், மூடியில்லாத டப்பாக்கள், எல்லாம் மேஜைமேல் அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் தொடவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நான் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது எது எதுவென்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லவேண்டும்.

உன் அப்பா