நிறுத்தினால் நிற்கிற மெஷின்

என் அன்புத் தையற்காரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? குனிந்தபடியே தைக்காதே.

மரம் வெட்டும் எங்கள் கம்பெனிக்கு, வெட்டிய கிளைகளைத் தூளாக்கும் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. முதலாளி இரண்டை வரவழைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் மெஷின் தொடைப் பருமன் கிளையையும் அப்படியே விழுங்கும். பச்சை கொஞ்சம் மந்தம். எல்லாரும் மஞ்சளுக்கே கொடி பிடித்தார்கள்.

புதன்கிழமை பச்சையில் கிளையைத் திணித்தபோது, ஒரு கவட்டை என் சட்டைக் கையை மாட்டி இழுத்தது. கீழே இருந்த தடுப்புக் கம்பியில் என் கால் முட்டியதும் மெஷின் நின்றுவிட்டது. கிழிந்து போனது சட்டைக் கை மட்டும்தான். மஞ்சளில் அந்தக் கம்பி மேலே இருக்கிறது. கையால்தான் தள்ள வேண்டும்.

நாம் தையல் மெஷின் வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. கடைக்காரர் வேகத்தைப் பற்றியே அளந்துகொண்டிருக்க, நீ மிதிப்பதும் காலை எடுப்பதுமாக அவர் உயிரை வாங்கினாய். "ஓடுறது இருக்கட்டும், நிறுத்துனா நிக்குதான்னு பாக்க வேண்டாமா?" என்றாய். அதையே முதலாளியிடம் சொன்னேன். பச்சையை வாங்கிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். அன்று நம் கல்யாண நாள் என்று, இறுக்கமான கம்பெனிச் சட்டையை விட்டு நீ தைத்த தொளதொளச் சட்டையைப் போட்டிருந்தேன். துணி மிச்சமிருந்தால் அதற்கு ஒரு கை தைத்து அனுப்பு. இங்கே தையற்கடை இல்லாமலில்லை. இருந்தாலும் நீயே தை.

வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. என் கை பத்திரம் என்று போனில் சொன்னால் நம்பமாட்டாய் என்றுதான் கையால் எழுதினேன். பார், அதே கோழிக் கிறுக்கல்.