அவர் கண் மட்டும் போதுமாம்

12 ஜூலை 1964, ஞாயிறு. தென்காசி.

மத்தியானம் என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து சாரலில் நனைந்து வந்தார். சோறு போட்டுவிட்டு, ஒரு வாரமாக மனசில் கிடந்ததைச் சொன்னேன். நான் செத்தால் என் கண்களைப் பார்வையில்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டார் சம்மதிக்காவிட்டால் எடுக்க முடியாது என்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் இப்போதே சொன்னேன்.

"சோத்துல கை வச்சிருக்கையில பேசுத பேச்சாட்டி இது?" என்றார்.

"உசிரையே கொடுப்பேன்னுதான போலீஸ்ல சேந்தீங்க? கண்ணக் கொடுக்கக் கசக்குதோ?"

"என் கண்ணு ரெண்டையும் எடுத்துக்கிடச் சொல்லு. உன் கண்ணுல ஒருத்தன் கத்தி வைக்கதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிரியத்தினால் மறுக்கிற மனுஷரை என்ன சொல்லித் திட்டுவது? ஆனால் நான் முந்திப் போய்விட்டால்? அப்போது எனக்காக யார் வாதாடுவார்கள்?

வருகிற ஞாயிறு கடையத்திலிருந்து தம்பி வருகிறான். இவரை வைத்துக்கொண்டே அவனிடம் சொல்லப்போகிறேன். எழுந்து போனால் போகட்டும். காதில் விழாமலா போகும்?