முடி இறக்கியவர்

742 மார்ச் 9
வடக்குக் காற்று. தறியில் உட்கார முடியவில்லை, விரல் விறைக்கிறது. இன்று மண்டபத்தில் ஒரே வழக்கு: கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் எந்த ஊருக்கு என்று. இவர் இரண்டு ஊர்க்காரர்களையும் மதியம்வரை கேட்டார். யார் பேசினாலும் அவர் சொல்வதுதான் நியாயம் என்று தலையாட்டினார். கடைசியில் எழுந்து உள்ளே வந்து என்னிடம் கேட்டார். தலைப்பக்கம் ஒரு ஊருக்கு, வால்பக்கம் இன்னொன்றுக்கு, நடுப்பகுதி மடத்துக்கு என்றேன். வெளியே போய் அப்படியே சொன்னார். ராஜா டில்ரெட் தீர்ப்பென்றால் தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கட்வின் மட்டும் சிரித்திருக்கிறான். கட்வின் இவருடைய சித்தப்பா மகன். "அண்ணன் வாயைத் தொறந்தா அண்ணி குரல்தான் வருது" என்றானாம். எங்கள் படைக்காரர்களில் மூத்தவரான ஹூனா வந்து சொன்னார்.

மார்ச் 10
மகள் பேகாவுக்கு இருமல். பதினாறு வயதுப் பெண் கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்புகிறாள்.

மார்ச் 23
எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன் போலிருக்கிறது.

நேற்றுக் காலை இவர் தனியாகக் கோயிலுக்குப் போனார். தவக்காலத்தில் எப்போதும் அப்படித்தான். கட்வினின் ஆட்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். சிலர் பிடித்துக்கொள்ள, ஆட்டு உரோமம் வெட்டுகிற கத்தரியால் முடியை வெட்டி, தலையை மழித்து, துறவியின் அங்கியை மாட்டி, தீவு மடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நான் அந்நேரம் பின்கட்டில் பீர் வடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழித்த தலை கடவுளுக்குச் சொந்தம். அந்தத் தலையோடு யாரும் ராஜாவாக இருக்க முடியாது. கொன்றிருந்தால் உறவுக்காரர்கள் பழிவாங்க வந்திருப்பார்கள். முடிக்காக யார் வாளை உருவுவார்கள்?

மதியம் கட்வின் வந்தான். மரியாதையாகத்தான் நின்றான்.

"ஒரு சொட்டு ரத்தம் சிந்தல, அண்ணி. அண்ணனுக்கும் இதுல நிம்மதிதான். நீங்களும் பேகாவும் எப்பவும்போல இங்கயே இருக்கலாம்."

  

ஏப்ரல் 1
ஈஸ்டர். அவர் நாற்காலியில் கட்வின். நாற்காலி அவனுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிகிறது.

மே 14
ஹூனா கம்பளி கொடுக்கும் சாக்கில் வந்தார். "முடி என்ன, புல்லு மாதிரி. விட்டா வளந்துடும், ராணியம்மா. காதை மறைச்சா போதும், நான் ஆளைத் திரட்டிடறேன்" என்றார். கட்வின் ஊர்களிடம் இரண்டு பங்கு தானியம் கேட்கிறானாம். யாருக்கும் பிடிக்கவில்லை, யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

ஜூன் 28
கட்வின் மனைவி போன குளிரில் இறந்தாள். இன்று என்னிடம் பேகாவைக் கேட்டான். அவன் மகனுக்கு இல்லை, அவனுக்கு. டில்ரெட்டின் மகளை மணந்தால் நாற்காலிமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களாம். திருச்சபை ஆயருக்கு நிலம் கொடுத்துச் சம்மதமும் வாங்கிவிட்டான்.

பேகாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவர்மா. சித்தப்பான்னு கூப்பிட்ட வாயால இனிமே என்னன்னு கூப்பிடறது?"

ஜூலை 5
இவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கடல்தண்ணீர் வடிந்தால்தான் தீவுக்கு வழி; வடிந்ததும் மணலில் நடந்து போனேன்.

ரொட்டி சுடும் அறையில் இருந்தார். முழங்கைவரை மாவு. கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம். எங்கள் கட்டிலில் பல்லைக் கடிக்காமல் ஒருநாள் தூங்கியதில்லை. தலை பளபளவென்று இருந்தது. மழிக்கிற நாளில் அவரே முதலில் போய்க் குனிகிறார் என்று மடத்தலைவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துத் தள்ளலாம்போல இருந்தது. ஹூனா முடி வளருமென்று காத்திருக்கிறார் அங்கே!

பேகா விஷயத்தைச் சொன்னேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"நான் வந்தா ரெண்டு பக்கமும் ஆளுங்க சாவாங்க, டிட்டா."

"அப்ப உங்க பொண்ணு?"

"நீ பாத்துக்கோ."

நீ பாத்துக்கோ, நீ பாத்துக்கோ — கல்யாணமான நாளிலிருந்து இதேதான். திரும்பும்போது மணல் முடிகிறவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வந்தேன். சூடான ரொட்டி ஒன்று கொடுத்திருந்தார். நடந்துகொண்டே தின்றேன். நன்றாக இருந்தது. அதில் இன்னும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 2
நேற்றுப் புதுமாவுத் திருநாள். மண்டபம் நிறைய ஆட்கள். திருமண அறிவிப்புக்காக, தேன்மதுக் கோப்பையை பேகாதான் கொண்டுவர வேண்டும் என்று கட்வின் சொல்லியிருந்தான்; அவள் கையால் வாங்கிக் குடித்தால் நிச்சயம் ஆன மாதிரி. அலங்கரிக்கும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடட்டுமா என்று. கூப்பிடு என்றேன்.

அவன் முன்னால் போய்க் கோப்பையை நீட்டினாள்.

"வாங்கிக்குங்க, சித்தப்பா."

அவன் கை நீளவில்லை. பெஞ்சுகளில் பேச்சு நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை, குறைக்கவும் இல்லை.

"கை வலிக்குது, சித்தப்பா."

கிழவர் ஒருவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்தவரும் வைத்தார். ஹூனா எழுந்து, வயலில் பார்லி காத்திருக்கிறது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. அவரவருக்கு வீட்டில் ஏதோ வேலை இருந்தது.

 பேகா கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாந்தி எடுத்தாள்.

ஆகஸ்ட் 9
அவன் கூப்பிட்டால் வர ஆளில்லை. கட்வின் படகேறித் தெற்கே போய்விட்டான், மனைவி வீட்டார் ஊருக்கு.

ஆகஸ்ட் 12
எங்களுக்கு மகன் இல்லை. பிறந்த இருவரையும் தொட்டில் வயதிலேயே புதைத்தோம். நாற்காலி காலியாகக் கிடந்தால் பக்கத்து ராஜ்யத்து மெர்சியாக்காரன் வந்து உட்காருவான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மழித்த தலையானால் என்ன, வலுக்கட்டாயமாகத்தானே மழித்தார்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

போனேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துதான் இருந்தது அவருக்கு.

"பேகா கல்யாணம் வரைக்கும்" என்றார்.

சரி என்றேன். அடுப்பைப் பற்றி யாரிடமோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என்னோடு நடந்தார்.

நவம்பர் 17
முடி காதை மறைத்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், மறுபடியும்.

744 மே 26
பேகா கல்யாணம். மாப்பிள்ளை இங்வால்ட், வடகரைத் தலைவரின் மகன். அவளே சரி என்றாள். இவருக்குப் பிறகு இங்வால்ட் என்று பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். விலாங்குமீன் போதவில்லை, மற்றபடி குறையில்லை.

எல்லோரும் போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப போகட்டுமா?"

மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை, மறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

"போங்க" என்றேன். உனக்கு எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 3
மடத்தில் விட்டுவிட்டு வந்தேன். நீயே வெட்டு என்றார். என் தையல் கத்தரியால் வெட்டினேன். பாதிக்குமேல் நரை. யாரும் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

745 பிப்ரவரி 20
காலையில் இரண்டு வழக்கு. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான். இப்போதெல்லாம் யாரும் உள்ளே எழுந்து வந்து என்னைக் கேட்பதில்லை, நான் மண்டபத்தில்தான் இருக்கிறேன்.

நேற்று பேகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இவரிடம் சொல்ல மதியம் மணலில் நடந்தேன். கோயிலுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் தனியாகத் தெரிந்தது. சுருதி சேரவில்லை, சத்தம் மட்டும் பெரிது. கதவு திறந்துதான் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். பாட்டு முடியட்டும் என்று வெளியே கல்லில் உட்கார்ந்தேன்.

முடிவதற்குள் மணல்வழியில் கடல்தண்ணீர் ஏறிவிட்டது. இன்று ராத்திரி இங்கேதான்.