ஸ்டார்ட்டர் மேல் தொங்கிய துண்டு

இன்று காலை உன் துண்டைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

நான் அதைத் துவைக்கவில்லை. நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் துவைத்ததில்லை. அதில் ஏறியிருக்கும் உப்பு, மழை வருவதற்கு முன்பே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காரணம் தெரிந்த விஷயம்தான், வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன். ஆனாலும் ஜன்னல் கம்பியில் கிடந்த அந்தச் சிவப்புக் கட்டத் துண்டு சில்லென்று கையில் ஒட்டியதும் கையை இழுத்துக்கொண்டேன். வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. மரக்காணத்து வெயில் அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மல்லிகா அந்நேரம் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். உன் தங்கை இந்த வருடம் உன் வேலையைத்தான் பார்க்கிறாள். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வேண்டாம், உப்பு வாரும் வேலை பார் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கக்கா பாத்த வேலை இது. நான் பாக்காம வேற யாரு பாக்கறது?" என்றாள். உங்கள் குடும்பத்தில் யாரும் நான் சொன்னதைக் கேட்டதில்லை.

நீ போன பிறகு இரண்டு வருடம் அளத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் கல்லூரி உண்டு, வீடு உண்டு என்று இருந்தேன். குத்தகை முடிந்து பாத்திகள் மறுபடி என் கைக்கு வந்தன. கொட்டகையிலிருந்து மோட்டார் அறைக்குப் போகும் அந்த நீள வரப்பும் கூடவே வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், மல்லிகா அந்த வரப்பில் நடந்து போவதைப் பார்த்த அன்று மாலைதான், பீரோவின் அடித்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். உன் துண்டில் சுற்றி வைத்தது அப்படியே இருந்தது. இரண்டு போர்டு, இரண்டு குட்டை ஆன்டெனா, ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு ரிலே, ஒயர். துண்டைப் பிரித்தபோது மடிப்பிலிருந்து உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு போர்டின் பின்களில் பச்சை பூத்திருந்தது. திரும்ப மூடினேன். பீரோ சாவியைக் கடுகு டப்பாவுக்குள் போட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். என் தைரியம் அவ்வளவுதான், உனக்குத் தெரியாததா?

மோட்டாரைக் கொட்டகையிலிருந்தே ரேடியோ அலையால் இயக்க நான் வாங்கிய அந்தக் கிட் முதன்முதலாக வந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? கொட்டகையில் உப்பு மூட்டை மேல் பலகை போட்டு லேப்டாப்பை வைத்திருந்தேன். பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், அதற்குப் பிறகு அப்போதுதான் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்தோம். நடுவில் நான் படிக்கப் போயிருந்தேன், நீ என் அப்பாவின் அளத்துக்கு வேலைக்குப் போயிருந்தாய். ஆட்கள் இருந்தால் என்னை 'மேடம்' என்பாய். அவர்கள் நகர்ந்ததும் 'ஏண்டி'.

வழிகாட்டித் தாளின் முதல் வரியே எச்சரிக்கை: ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. நான் மாட்டிவிட்டு நான்கு தடவை திருகிப் பார்த்தேன். இரண்டு நாள் கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை மாற்றினேன், மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். போர்டே பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பக் கடிதமும் எழுதிவிட்டேன். நீ ஒயரைக் கையில் எடுத்துப் புரட்டினாய். "ஏண்டி, இது சார்ஜ் போடற ஒயரு. என் போனுக்கும் இதேதான். படம் ஏத்தணும்னா கடைக்காரன் வேற ஒயருதான் சொருகுவான்." வேறு ஒயரைப் போட்டதும் போர்டு உயிர் பெற்றது. நான் எழுதிய முதல் புரோகிராமில் ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய்.

"இதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?"

அடுத்த வாரம் ஒரு போர்டை டிபன் டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தாய். மற்றொன்று என்னிடம். பத்தடிக்கு ஒருமுறை திரும்பி "வருதா?" என்று கத்துவாய். நான் சிக்னல் எண்ணைப் பார்த்து "வருது!" என்பேன். பாதி வரப்பில் எண் சட்டென்று விழுந்தது. நீ டப்பாவை வயிற்றோடு அணைத்தபடி எனக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாய். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அலையை அது விழுங்கிவிடும் என்று பாடம் எடுத்தேன். "அப்போ உன் சேதி என் முதுகைத் தாண்டாதுன்னு சொல்லு. நல்லது. முதுகுக்குப் பின்னாடி பேசறது எனக்கும் புடிக்காது" என்றாய்.

மோட்டாருக்கு முன்னால் பல்பு என்பது உன் சட்டம். ரிலேயில் ஒரு நாற்பது வாட் பல்பை மாட்டச் சொன்னாய். "ஆறு நாளு இந்த பல்பு பொய் சொல்லாம இருக்கட்டும். அப்புறம் மோட்டாரப் பாப்போம்." மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. வந்த கணத்தில், யாரும் எதையும் அழுத்தாமலேயே, பல்பு ஒரு முறை மின்னி அணைந்தது. நீ டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டாய்.

"யாரு போட்டது?"

யாரும் போடவில்லை, போர்டு விழித்துக்கொள்ளும்போது ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரம் ரிலேயை இயக்கும் பின் ஆனா ஆஃபா என்று முடிவாகாமல் இருக்கும் என்றேன்.

"அது முடிவு பண்ற நேரத்துல என் கை உள்ள இருந்தா?"

ஒரு ரெசிஸ்டர் வைத்து அதைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு ஆறு நாள் பல்பு பொய் சொல்லவில்லை. நான் நிம்மதியானேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர் வாங்கிய நான், ஒரு பல்பை நம்பினேன்.

ஏழாம் நாள் காலையை எழுத இப்போதும் கை வரவில்லை. ஆனால் உனக்கு எழுதும்போது அதைத் தாண்டிப் போகவும் முடியாது.

நம் அளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரின் பெல்ட்டிலோ பம்பிலோ கை வைப்பவர் முதலில் தலைத்துண்டை அவிழ்த்து ஸ்டார்ட்டர் பெட்டி மேல் தொங்கவிட வேண்டும், மோட்டாரைப் போடும் பச்சை பட்டன் மறைகிற மாதிரி. துண்டு தொங்கினால் உள்ளே ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம். துண்டின் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. அப்பா காலத்திலிருந்து இதை மீறியவர் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன்கூட மீறியதில்லை.

அன்று பல்பைக் கழற்றிவிட்டு ரிலேயை ஸ்டார்ட்டருக்குள் மாட்டியிருந்தோம். நீ துண்டைத் தொங்கவிட்டுவிட்டு, பெல்ட்டில் படிந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். நான் இந்தப் பக்கம் கொட்டகையில். பம்ப் பக்கத்துப் போர்டு 'தயார்' என்று சேதி அனுப்பியது. போர்டு தயார் என்று சொன்னதை, நீ தயார் என்று எடுத்துக்கொண்டேன். அழுத்தினேன்.

துண்டை நான் எடுக்கவில்லை. பட்டனை நான் தொடவில்லை. நான் வைத்த ரிலே உள்ளுக்குள்ளேயே பச்சை பட்டனின் வேலையைச் செய்துவிட்டது. துண்டு அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

உன் சத்தம் கேட்டது. நான் ஓடி வந்து சேர்வதற்குள் நீயே சிவப்பு பட்டனை அடித்து நிறுத்தியிருந்தாய். முழங்கை வரைக்கும் ரத்தம். தரையெல்லாம் வளையல் துண்டுகள். நான் வாசலிலேயே வாந்தியெடுத்தேன். நீ கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாய். "எல்லாம் இருக்குது. வளையல்தான் போச்சு. ஏய், அழாதடி, ஆளுங்க வர்றாங்க."

அன்றே எல்லாவற்றையும் கழற்றி உன் துண்டிலேயே சுற்றினேன். கட்டுப் போட்ட கையோடு உப்புக் குவியல் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏண்டி பிச்சிப் போடற? அது நல்லாதான் இருக்குது. நிறுத்தறதுக்கு மட்டும் அதுக்குச் சொல்லிக் குடு. போடறது மட்டும் கையாலயே இருக்கட்டும், துண்டைப் பாத்துட்டுப் போடுவோம். உன் சேதி வந்தாலும் நிக்கணும். சேதியே வரலன்னாலும் நிக்கணும். அவ்ளோதான்."

எத்தனை எளிதாகச் சொன்னாய். பட்டப் படிப்பு எதுவும் இல்லாமல், வலியோடு, அரை நிமிடத்தில். நான் "விடு, வேணாம்" என்றேன். அப்புறமும் இரண்டு மூன்று தடவை கேட்டாய். நான் டின்னைக் கண்ணில் காட்டவில்லை. அதை நான் ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம்.

அடுத்த வருடக் கோடை மழை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரோடு மோட்டார் தண்ணீரும் சேர்ந்தால் முதல் பாத்தியின் வரப்பு உடையும், அது உடைந்தால் விளைந்து கிடக்கும் உப்பெல்லாம் கரையும். அதனால் முதல் இடிக்கே யாராவது மோட்டாரை நிறுத்த ஓட வேண்டும். நீ ஓடினாய். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. அந்தச் சமவெளியில் நிமிர்ந்து நின்றது நீ மட்டும்தான். நான் வகுப்பில் லென்ஸ் பற்றி ஏதோ நடத்திக்கொண்டிருந்தேன். மல்லிகா உன்னையும் அக்கா என்பாள், என்னையும் அக்கா என்பாள். போனில், "அக்கா, அக்கா போய்ட்டாக்கா" என்றாள்.

டின்னுக்குள் இருந்த போர்டுக்கும் அந்த மின்னலுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியவில்லை.

இந்த மூன்று வாரமும் நீ சொன்னதை மட்டும் செய்தேன். பழைய பல்துலக்கியால் பச்சையைத் தேய்த்தேன். கோட்டக்குப்பத்தில் தண்ணீர் புகாத ஒரு பெட்டி வாங்கினேன். கொட்டகைப் போர்டு பத்து விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும். அது காதில் விழும் வரைதான் பம்ப் பக்கத்து ரிலே மோட்டாரை ஓட விடும். 'நிறுத்து' என்று சொன்னால் உடனே விடுவிக்கும். மூன்று முறை தொடர்ந்து எதுவும் கேட்கவில்லை என்றாலும் விடுவிக்கும். நின்ற மோட்டாரைத் திரும்பப் போட என் பக்கத்தில் எந்த வழியும் வைக்கவில்லை. பச்சை பட்டனைக் கையால்தான் அழுத்த வேண்டும். பல்பை வைத்து ஆறு நாள் பார்த்தேன். ஏழாம் நாள் மல்லிகாவிடம் போகாமல் எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் பார்த்தேன். "அக்கா, பல்பு ஃபியூஸ் ஆகிற வரைக்கும் பாக்கப் போறீங்களா?" என்றாள். முந்தாநாள்தான் மோட்டாரில் மாட்டினோம்.

இன்று மதியம் நானும் அளத்தில் இருந்தேன். கழுவெளி ஏரிப் பக்கம் திடீரென்று கறுத்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா உப்பு வாரிக்கொண்டிருந்தாள். முதல் இடி. வாரும் பலகையைப் போட்டுவிட்டு அவள் ஓடத் தொடங்கிவிட்டாள், உன் வரப்பில், மோட்டாரை நோக்கி. ஓட வேண்டாம், இங்கிருந்தே நிறுத்திவிடுவேன் என்று அவளுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருந்தேன்! ஓடுவது உங்கள் காலில் ஊறியிருக்கிறது.

அழுத்தினேன். திரையில் சிக்னல் எண் விழுந்தது. 'நிறுத்து' என்ற என் சேதிக்குப் பதில் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பதில் இல்லை. எனக்கும் பம்புக்கும் நேர் நடுவில் மல்லிகாவின் முதுகு போய்க்கொண்டிருந்தது.

கத்தினேன். மோட்டார் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வானத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது.

அப்போது சத்தம் நின்றது. அளம் முழுக்கச் சட்டென்று காலியானது போல இருந்தது. மல்லிகா பாதி வரப்பில் நின்றாள். திரும்பினாள்.

"நின்னுச்சாக்கா?"

"நின்னுடுச்சி! வா! ஓடியா!"

அவள் கொட்டகைக்குள் வந்து விழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. என் இரண்டு கையும் அவள் தோளில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மூச்சு வாங்கியபடி சிரித்தாள். "ஓடின ஓட்டமெல்லாம் வேஸ்ட்டா? அக்கா இருந்தா உங்களை ஒரு வழி பண்ணியிருப்பா."

என் சேதி போய்ச் சேர்ந்ததால் மோட்டார் நின்றதா, போய்ச் சேராததால் நின்றதா என்று எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. எந்த வழியில் போனாலும் நிற்கும்படிதான் நீ சொல்லியிருந்தாய்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. நாளைக்கும் இடி இடிக்கும், மல்லிகாவின் கால் நாளைக்கும் ஓடப் பார்க்கும். காலையில் கையோடு எடுத்துப் போயிருந்த உன் துண்டை இன்று அவளிடம் கொடுத்தேன். மழை விட்டதும் நடந்து போய், ஸ்டார்ட்டர் மேல் அதைத் தொங்கவிட்டுவிட்டு பெல்ட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்து அவளே அதை எடுக்கும் வரை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்து விளக்கைப் போடக் கையை நீட்டினேன். நான்கு வருடமாகப் போடுவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன். வீட்டில், கல்லூரியில், பக்கத்து வீட்டு மாடிப்படியில், எந்த ஸ்விட்சானாலும். அதன் மேல் ஒரு துண்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.